எப்போதும் ஒரே அணி ஜெயித்தால் ஆட்டம் கெடுமா? டப்ளினை வைத்து ஒரு விளக்கம்

2019 ஜூன் மாதம், அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள க்ரோக் பார்க் மைதானம். லென்ஸ்டர் மாகாணத்தின் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டி. டப்ளினும் பக்கத்து கவுண்டியான (நம் மாவட்டம் மாதிரி) மீத்தும் மோதுகின்றன. 70 நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் பலகையில் இருந்தது இதுதான்: டப்ளின் 1-17, மீத் 0-4.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். கேலிக் கால்பந்தில் கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் அது கோல், 3 புள்ளி. முதலில் எழுதுவது கோல், அப்புறம் புள்ளி. ஆக 1-17 என்றால் 20. மீத் எடுத்தது வெறும் 4. அதிலும் முதல் பாதியில் ஒரே ஒரு புள்ளி. மீத் ஒன்றும் சோப்ளாங்கி அணி அல்ல. அகில அயர்லாந்து பட்டத்தை ஏழு முறை வென்ற கவுண்டி, கடைசியாக 1999இல். அப்படிப்பட்ட அணிக்கு மாகாண இறுதியில் இந்தக் கதி.

டப்ளின் அந்த ஆண்டோடு சேர்த்து தொடர்ந்து ஒன்பது முறை லென்ஸ்டர் பட்டத்தை வென்றிருந்தது. அது அதோடும் நிற்கவில்லை, 2024 வரை போய் 14 ஆனது. அகில அயர்லாந்து பட்டமோ 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு. ஆண்கள் சீனியர் கால்பந்தில் அதற்கு முன் யாரும் நான்கைத் தாண்டியதில்லை. ஒரே அணி இப்படி ஆண்டுக்கணக்கில் ஆதிக்கம் செலுத்தினால் ஆட்டத்துக்குக் கேடா? அயர்லாந்தில் கடைக்கோடி மதுக்கடை வரை வருடக்கணக்கில் நடந்த வாக்குவாதம் இது. விளையாட்டுப் பொருளாதாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் உண்டு: போட்டிச் சமநிலை. அது என்ன, எப்படி அளப்பது, டப்ளின் விஷயத்தில் அது எங்கே உடைந்தது, எங்கே உடையவில்லை என்று பார்க்கலாம்.

கேலிக் கால்பந்தைப் பற்றி அதிகம் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இதை நடத்துவது 1884இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக ஜி.ஏ.ஏ. அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், குத்திக் கடத்தலாம். ஆனால் உலகத்தின் மற்ற பெரிய விளையாட்டுகளிலிருந்து இதைப் பிரிப்பது வேறொன்று: வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 80,000 பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார், அல்லது வங்கிக்கு வேலைக்குப் போவார். இன்னொன்று, வீரர் தன் சொந்தக் கவுண்டிக்குத்தான் ஆடுவார். ஏதாவது காரணத்தால் இடம் மாறி ஆடுகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவர் உண்டு. ஆனால் வீரர்களை ஏலம் எடுப்பது, விலை கொடுத்து வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அயர்லாந்துத் தீவில் 32 கவுண்டிகள். அவை லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாக்ட், அல்ஸ்டர் என்ற நான்கு மாகாணங்களுக்குள் வரும். முதலில் மாகாணத்துக்குள் போட்டி. பிறகு அகில அயர்லாந்துக் கட்டம். கடைசியில் ஜெயிப்பவருக்கு சாம் மக்வயர் கோப்பை. முன்பெல்லாம் மாகாணத்தில் தோற்றால் அந்த ஆண்டு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2001 முதல் தோற்றவர்களுக்கும் இரண்டாவது வாசல் ஒன்று திறந்துவிடப்பட்டது. அதன் வடிவம் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றங்களுக்குள் போனால் நமக்குத் தலை சுற்றும், விட்டுவிடலாம்.

இப்போது கருத்துக்கு வருவோம். மற்ற வியாபாரங்களில் போட்டியாளர் ஒழிந்தால் முதலாளிக்குக் கொண்டாட்டம். விளையாட்டில் அப்படி இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சைமன் ராட்டன்பர்க் 1956இல் பேஸ்பாலை ஆராய்ந்தபோது, முடிவு தெரியாமல் இருப்பதுதான் ரசிகரை மைதானத்துக்கு இழுக்கிறது என்று எழுதினார். 1964இல் வால்டர் நீல் இன்னும் கூர்மையாகச் சொன்னார். 1937 முதல் 1949 வரை குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்க ஆளே இல்லாத அளவுக்கு அவர் பலசாலி என்றால் அவர் யாரோடு மோதுவார், டிக்கெட்டை யார் வாங்குவார்கள்? வலுவான எதிரி இருந்தால்தான் சாம்பியனுக்கே வருமானம். அணிகள் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்க்கின்றன. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று வேண்டும்.

போட்டிச் சமநிலை என்றால் எல்லா அணியும் சமம் என்று அர்த்தமில்லை. அப்படி ஒரு விளையாட்டு எங்கும் இல்லை. முடிவு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை மூன்று தளங்களில் பார்ப்பார்கள். முதலாவது, இன்றைய ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் இருப்பது. இரண்டாவது, இந்த சீசனில் பட்டம் யாருக்கு என்பது கடைசி வரை தெரியாமல் இருப்பது. மூன்றாவது, ஐந்து வருடம், பத்து வருடம் என்று பார்க்கும்போது பட்டம் கைமாறுவது. ஆதிக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். சண்டை தீராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது தளத்தில் டப்ளின் மீதான குற்றச்சாட்டு அசைக்க முடியாதது. 2001 முதல் 2010 வரையிலான பத்து ஆண்டுகளில் கால்வே, ஆர்மா, டைரோன், கெர்ரி, கார்க் என ஐந்து கவுண்டிகள் அகில அயர்லாந்து பட்டத்தை வென்றன. அடுத்த பத்து ஆண்டுகளில் டப்ளினுக்கே எட்டு. 2012இல் டோனகலும் 2014இல் கெர்ரியும் மட்டும் இடையில் நுழைந்தன. 2014 ஆகஸ்டில் டோனகலிடம் அரையிறுதியில் தோற்ற டப்ளின், அடுத்து சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றில் தோற்றது 2021 ஆகஸ்டில்தான். நடுவில் 45 ஆட்டங்கள். நடுக்கள வீரர் பிரையன் ஃபென்டன் 2015இல் அணிக்குள் வந்தார். சாம்பியன்ஷிப் தோல்வி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆறு வருடம் ஆனது.

ஆனால் முதல் தளத்துக்கு வந்து ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்தால் கதை மாறுகிறது. 2016 இறுதியில் டப்ளினும் மேயோவும். மேயோ கடைசியாகப் பட்டம் வென்றது 1951இல்; அதன் பிறகு இறுதி வரை வந்து வந்து தோற்பதே அவர்கள் தலையெழுத்து. அன்றைக்கு முதல் அரைமணி நேரம் கிட்டத்தட்ட டப்ளின் வீரர் ஒருவர்கூட ஒரு புள்ளி எடுக்கவில்லை. அப்படியும் டப்ளின் முன்னால் இருந்தது. எப்படி? மேயோவே தன் வலைக்குள் இரண்டு கோல் போட்டுக்கொண்டது! சமனில் முடிந்த அந்த இறுதியை மறுபடி ஆடினார்கள். டப்ளின் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது.

அடுத்த ஆண்டும் அதே இரண்டு அணிகள். கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்கோர் சமம். டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. உதைக்க டீன் ராக் ஓடி வருகிறார். மேயோவின் லீ கீகனுக்கு வேறு வழி தெரியவில்லை. உடைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியை உருவி ராக்கின் குறுக்கே வீசினார். ராக் கண்ணைக்கூடச் சிமிட்டியதாகத் தெரியவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 1-17, 1-16. கீகன் செய்தது தவறுதான், ஆனால் ஒரு புள்ளிக்காக ஒரு மனிதர் அந்த அளவுக்குப் போகிறார் என்றால் அந்த ஆட்டத்தின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? 2019 இறுதியிலும் அப்படித்தான்: ஒருவர் வெளியேற்றப்பட்டு 14 பேரோடு ஆடிய டப்ளின், கெர்ரியோடு சமன் செய்துதான் தப்பித்தது. பிறகு மறு ஆட்டத்தில் ஜெயித்து தொடர்ந்து ஐந்தாவது பட்டத்தைப் பிடித்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2015 முதல் 2020 வரை டப்ளின் வென்ற ஆறு அகில அயர்லாந்து இறுதிகளின் வெற்றி வித்தியாசம்: 3, 1, 1, 6, 6, 5. சராசரி 4 புள்ளிக்கும் குறைவு. இதில் மறு ஆட்டம் வரை போன இரண்டு சமன்களைச் சேர்க்கவில்லை. அதே ஆறு ஆண்டுகளில் அதே டப்ளின் ஆடிய லென்ஸ்டர் இறுதிகளின் வித்தியாசம்: 13, 15, 9, 18, 16, 21. சராசரி 15க்கும் மேல்.

அதே அணி, அதே வீரர்கள், அதே மைதானம். உச்சியில் நூலிழை வித்தியாசம், மாகாணத்தில் ஒருதலைப்பட்சம். என்னைக் கேட்டால் இந்த விவாதத்தில் மற்ற எந்தப் புள்ளிவிவரத்தையும் விட இந்த இரண்டு வரிசைகள்தான் முக்கியம். டப்ளினின் ஆதிக்கம் கேலிக் கால்பந்தைக் கெடுத்ததா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. செப்டம்பரில் கோப்பை யாருக்கு என்பதில் இருந்த பரபரப்பை அது பெரிதாகக் கெடுக்கவில்லை. மே, ஜூன் மாதங்களில் லென்ஸ்டருக்குள் இருந்த எல்லாவற்றையும் அது தரைமட்டமாக்கியது.

லென்ஸ்டர் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இழப்பின் அளவு புரியும். 1996 முதல் 2004 வரை ஒன்பது ஆண்டுகளில் மீத், ஆஃபலி, கில்டேர், டப்ளின், லீஷ், வெஸ்ட்மீத் என ஆறு வெவ்வேறு கவுண்டிகள் பட்டம் வென்றன. வெஸ்ட்மீத்துக்கு 2004இல் கிடைத்ததுதான் அதன் வரலாற்றிலேயே முதல் லென்ஸ்டர் பட்டம். அப்புறம் 2005 முதல் 2024 வரை இருபது ஆண்டுகள். வென்றவர்கள் இரண்டே பேர். டப்ளின் 19, மீத் 1. அந்த ஒன்றும், 2010 இறுதியில் கடைசி நொடியில் பந்தைக் கையோடு கோட்டுக்குள் கொண்டுபோய் எடுத்த, விதிப்படி செல்லக்கூடாத ஒரு கோலால் வந்தது. தோற்றுப்போன லௌத் கவுண்டிக்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

சரி, மாகாண இறுதியில் தோற்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் சம்பளம் இல்லாத ஆட்டம் என்பது முக்கியமாகிறது. ஜெர்மனியில் பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டத்தை வென்றது. அங்கே நடுவரிசை அணியில் ஆடுகிற வீரருக்குப் பட்டம் கிடைக்காவிட்டாலும் மாதச் சம்பளம் உண்டு. நன்றாக ஆடினால் அதே பயர்னே அவரை வாங்கிக்கொள்ளும். லாங்ஃபோர்டு கவுண்டியில் ஆடுகிறவருக்கு அந்த இரண்டும் கிடையாது. குளிர்காலம் முழுக்க வேலை முடிந்து இருட்டில் பயிற்சிக்குப் போவதற்கு அவருக்கு இருக்கும் ஒரே கூலி, 'இந்த வருடம் ஒருவேளை நாம்' என்ற நினைப்பு. மாகாண அட்டவணை வந்ததும் டப்ளின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் விழுந்தவர்கள் கணக்கை மூடிவிடுகிறார்கள் என்றால் அந்தக் கூலியும் போயிற்று. கோடைக்கு அமெரிக்கா போய்விடலாம், உள்ளூர் கிளப் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நல்ல வீரர்கள் விலகும்போது, அணி இன்னும் பலவீனமாகி, தோல்வி இன்னும் பெரிதாகும். ஆதிக்கம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது இந்த வழியில்தான்.

ரசிகர்கள் கணக்கு இன்னும் வெளிப்படை. க்ரோக் பார்க்கில் 82,300 பேர் உட்காரலாம். 2000களின் நடுவில் லென்ஸ்டர் இறுதிக்கு அது கிட்டத்தட்ட நிரம்பியது உண்டு. 2019இல் 47,000. 2024இல் டப்ளினும் லௌத்தும் ஆடியபோது சுமார் 23,000. டப்ளின் ரசிகர்களே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெயிப்பவனுக்கும் சலித்துப்போகிறது, ஜோ லூயிஸ் விஷயத்தில் நீல் சொன்னதும் இதைத்தான்.

ஆட்டத்தின் ரசனைக்கும் அடி விழுந்தது. பலவீனமான அணி டப்ளினை எதிர்கொள்ளும்போது அவமானத்தைக் குறைப்பதே லட்சியமாகிவிடும். 13, 14 பேரைத் தன் எல்லைக்குள் நிறுத்தித் தடுப்புச் சுவர் எழுப்பும். டப்ளின் அவசரப்படாமல் பக்கவாட்டில் பந்தைக் கடத்திக்கொண்டே காத்திருக்கும். தடுப்பாட்டத்தை டப்ளின் உருவாக்கவில்லை. 2011இலேயே டோனகல் அதைக் கலையாக வளர்த்திருந்தது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவிதான். இதைச் சரிசெய்ய ஜி.ஏ.ஏ. அமைத்த குழு 2025 முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு புள்ளி, எதிராளியின் பாதியில் எப்போதும் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்றெல்லாம். அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? டப்ளினுக்கு ஆறு பட்டங்கள் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் ஜிம் கேவின்!

இனி அடுத்த கேள்வி. ஆதிக்கம் எங்கிருந்து வருகிறது? இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, தலைமுறை வகை. அபூர்வமான பத்து வீரர்களும் நல்ல பயிற்சியாளரும் ஒரே காலத்தில் அமைந்துவிடுவது. இன்னொன்று, அமைப்பு வகை. மக்கள்தொகை, பணம், மைதானம் என்று வீரர்கள் மாறினாலும் மாறாமல் நிற்கும் சாதகங்கள். முதல் வகைக்கு முடிவு தானாகவே வரும், ஏனென்றால் மனிதனுக்கு வயதாகும். இரண்டாவது வகைக்கு வயதாகாது.

தலைமுறை வகைக்குச் சரியான உதாரணம் கெர்ரி. மிக் ஓட்வையர் பயிற்சியில் 1975 முதல் 1986 வரை 12 ஆண்டுகளில் எட்டு அகில அயர்லாந்து பட்டங்கள். 1978 முதல் நான்கு தொடர் வெற்றிகள். 1982 இறுதியில் ஐந்தாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக வந்த ஆஃபலியின் ஷேமஸ் டார்பி கடைசி நிமிடங்களில் அடித்த ஒரு கோல் எல்லாவற்றையும் கவிழ்த்தது. 1-15, 0-17. ஒரு புள்ளி. கெர்ரி அதற்குப் பிறகும் மூன்று பட்டங்கள் வென்றது. ஆனால் அந்தத் தலைமுறை ஓய்ந்ததும் அடுத்த பட்டத்துக்கு 1997 வரை காத்திருந்தது. யாரும் எந்த விதியையும் மாற்றவில்லை. காலம் பார்த்துக்கொண்டது.

டப்ளின் கதையில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. அதனால்தான் இரு தரப்புக்கும் வாதம் இருக்கிறது. அமைப்புச் சாதகங்களை முதலில் பார்ப்போம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டப்ளின் கவுண்டியில் 14.58 லட்சம் பேர். லீட்ரிம் கவுண்டியில் 35,199 பேர். 41 மடங்கு! இரண்டுமே 15 பேரைத்தான் இறக்க முடியும், ஆனால் எத்தனை பேரிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறதே. அடுத்தது பணம். தலைநகரத்துப் பிள்ளைகள் ரக்பி, சாக்கர் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயத்தில் 2000களில் டப்ளினுக்குத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. கிளப்பும் சங்கமும் செலவைப் பங்கிட்டு முழுநேரப் பயிற்சியாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 2007 முதல் 2018 வரை இந்த வளர்ச்சி நிதியில் டப்ளினுக்குப் போனது ஏறத்தாழ 1.8 கோடி யூரோ. வேறெந்தக் கவுண்டியும் கிட்டே வரவில்லை.

அப்புறம் க்ரோக் பார்க். அது எல்லோருக்கும் பொதுவான தேசிய மைதானம்தான். ஆனால் அது டப்ளினில் இருக்கிறது, டப்ளின் அங்கேயேதான் ஆடியது. 2016இல் லீஷை எதிர்த்துக் கில்கென்னியில் ஆடியபோது, அது பத்து ஆண்டுகளில் க்ரோக் பார்க்குக்கு வெளியே டப்ளின் ஆடிய முதல் லென்ஸ்டர் சாம்பியன்ஷிப் ஆட்டம். இன்னொரு சாதகம் யார் கண்ணிலும் எளிதில் படாது. படிப்பும் வேலையும் டப்ளினில் குவிந்திருப்பதால் மேற்குக் கவுண்டிகளின் வீரர்கள் பலர் வாரநாளில் டப்ளினில்தான் வசிக்கிறார்கள். மேயோ வீரர் வேலை முடிந்து காரை எடுத்தால் பயிற்சி மைதானத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம், பிறகு திரும்பி வர அதே அளவு. டப்ளின் வீரர் அதற்குள் பயிற்சி முடித்து, சாப்பிட்டு, தூங்கியிருப்பார்.

டப்ளின்காரர்களிடம் பதில் இல்லாமல் இல்லை, அதுவும் வலுவானது. மக்கள்தொகைதான் காரணம் என்றால், 1984 முதல் 2010 வரையிலான 27 ஆண்டுகளில் டப்ளின் 1995இல் மட்டும் ஒரே ஒரு பட்டம் வென்றது எப்படி? அப்போதும் அது பெரிய நகரம்தானே? ஒன்றரை லட்சம் பேர் கொண்ட கெர்ரி 2025 வரை 39 பட்டங்களோடு முதலிடத்தில் இருப்பது எப்படி? பணத்தைப் பொறுத்தவரை, 2011 அணியின் தூண்களான கோல்கீப்பர் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன் போன்றவர்கள் அந்த நிதி வரும் முன்பே வளர்ந்து ஆளானவர்கள். 2009 காலிறுதியில் கெர்ரியிடம் 17 புள்ளியில் தோற்று மானம் போன அணியிலிருந்தவர்கள்தான் இரண்டே வருடத்தில் பட்டம் வென்றார்கள். அதற்குப் பின்னால் உழைப்பும் மூளையும் இருந்தன.

கிளக்ஸ்டனைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். அதுவரை கோல்கீப்பர் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடுக்களத்துக்கு ஓங்கி உதைப்பார், அங்கே உயரமானவர்கள் எகிறிப் பிடிப்பார்கள். பந்து யாருக்கும் கிடைக்கலாம். கிளக்ஸ்டன் அதை மாற்றிக்காட்டினார். பந்து வெளியே போன சில நொடிகளில், எதிரணி திரும்பி நிற்பதற்குள், காலியாக இருக்கும் சக வீரரின் மார்புக்கு நேராக உதைத்துவிடுவார். ஒவ்வொரு மறுதொடக்கமும் டப்ளின் கையில். 2011 இறுதியின் வெற்றிப் புள்ளியையும் அந்தக் கோல்கீப்பர்தான் முன்னே ஓடி வந்து உதைத்தார். இதை எந்த நிதியும் வாங்கித் தராது. பிற்பாடு எல்லா அணிகளும் அவரைப் பார்த்துத்தான் தங்கள் கோல்கீப்பர்களைப் பழக்கின. ஆதிக்கம் மற்றவர்களைத் தூக்கிவிடும் என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். மேயோவும் கெர்ரியும் டப்ளினைத் துரத்தித்தான் அவ்வளவு உயர்ந்தன என்பதும் உண்மை.

ஆனால் யாரைத் தூக்கிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவர்களை. 3 புள்ளியில் தோற்றவன் அடுத்த வருடம் இன்னும் வேகமாக ஓடுவான். 18 புள்ளியில் தோற்றவன் காலணியைக் கழற்றி வைத்துவிடுவான். எனவே டப்ளினின் உச்சகட்ட வெற்றிகளுக்குத் தலைமுறைதான் பெரும்பங்கு என்றும், லென்ஸ்டரில் ஏற்பட்ட பாழுக்கு அமைப்புதான் பெரும்பங்கு என்றும் பிரித்துப் பார்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

வழி என்ன? சம்பள லீக்குகளில் கைவசம் கருவிகள் உண்டு: கடைசி இடத்துக்கு வந்த அணி புதிய வீரரை முதலில் தேர்ந்தெடுப்பது, சம்பளத்துக்கு உச்சவரம்பு, ஒளிபரப்புப் பணத்தைப் பகிர்வது. சம்பளமும் இல்லை, வீரர் மாற்றமும் இல்லை என்றால் இதில் முதல் இரண்டும் உதவாது. மக்கள்தொகையைப் பிரிக்கலாமே என்றால், 2002இலேயே ஜி.ஏ.ஏ.வின் ஆய்வுக் குழு டப்ளினை வடக்கு, தெற்கு என இரண்டாக்கப் பரிந்துரைத்தது. டப்ளின்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், யோசனை கிடப்புக்குப் போனது. கவுண்டி உணர்வையே ஆதாரமாக வைத்து நிற்கும் ஒரு விளையாட்டில் கவுண்டியை வெட்டுவது, மரத்தைக் காக்க வேரை வெட்டுகிற கதை. கிடப்பில் போட்டதே நல்லது என்பேன்.

மிச்சமிருப்பது பணமும் மைதானமும் போட்டி வடிவமும். வளர்ச்சி நிதியின் ஒரு பகுதி பின்னாளில் மீத், கில்டேர், லௌத், விக்லோ போன்ற அண்டைக் கவுண்டிகளுக்கும் திருப்பப்பட்டது. கீழ்நிலை அணிகளுக்காக 2022இல் டெய்ல்டன் கோப்பை என்ற இரண்டாம் நிலைப் போட்டி வந்தது; 2023இல் அதை வென்றது மீத். வரலாறு உள்ள கவுண்டிக்கு இரண்டாம் நிலைக் கோப்பை பெருமையா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஜெயித்துப் பழகுவதற்கு ஜெயிக்க முடிகிற ஆட்டங்கள் வேண்டும் அல்லவா?

இந்த முயற்சிகள் பலித்தனவா, அல்லது டப்ளினுக்கும் வயதானதா என்று பிரித்துச் சொல்வது கடினம். 2021 அரையிறுதியில் மேயோ கூடுதல் நேரத்தில் டப்ளினை வீழ்த்தியது. 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளில் டைரோன், கெர்ரி, டப்ளின், ஆர்மா, கெர்ரி என நான்கு கவுண்டிகளுக்குப் பட்டம் போனது. மேலே சமநிலை சீக்கிரமே திரும்பிவிட்டது. லென்ஸ்டரிலோ டப்ளின் 2024 வரை ஜெயித்துக்கொண்டேதான் இருந்தது. அகில அயர்லாந்து கட்டத்தில் தடுமாறுகிற டப்ளின்கூட மாகாணத்தில் போதுமானதாக இருந்தது. அமைப்பு வகைச் சாதகம் கடைசியாகக் கரையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2025 ஏப்ரலில் போர்ட்லீஷில் நடந்த அரையிறுதியில் மீத் 0-23, டப்ளின் 1-16. நான்கு புள்ளி வித்தியாசத்தில் 14 ஆண்டு ஆட்சி முடிந்தது. ஆட்டம் க்ரோக் பார்க்கில் நடக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீத்தும் லௌத்தும் மோதின. 2010இல் ஏமாந்த அதே லௌத். முந்தைய ஆண்டு 23,000 பேர் வந்த அதே இறுதிக்கு இந்த முறை 65,000க்கும் மேல் கூட்டம். லௌத் 3-14, மீத் 1-18. 1957க்குப் பிறகு லௌத்துக்கு முதல் லென்ஸ்டர் பட்டம்.

அந்த லௌத்தின் பயிற்சியாளர் ஜெர் பிரென்னன். 2011இலும் 2013இலும் டப்ளின் ஜெயித்தபோது அதன் தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர். வீரர்கள் கவுண்டி மாறுவது அபூர்வம், பயிற்சியாளர்கள் மாறலாம். டப்ளினில் பத்து வருடம் சேர்ந்த அனுபவம் இப்படித்தான் பக்கத்து ஊர்களுக்குக் கசிகிறது. அந்தக் கோடை முடிவதற்குள் டப்ளினின் புதிய பயிற்சியாளராக அவரையே நியமித்துவிட்டார்கள்.